கவுட்: வலி இல்லாத நாட்களுக்கான வைத்தியம்

கவுட் உள்ளவர்களில் பெரும்பாலோர் மருத்துவரைத் தேடிப் போவது, கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்த்திய துணி உரசினாலும் தாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான். பத்து நாட்களில் வீக்கம் வடிகிறது, நடை பழையபடி திரும்புகிறது, மருந்துச் சீட்டு எங்கோ ஒதுங்கிவிடுகிறது. அடுத்த முறை வலி வரும்போது மீண்டும் அதே ஓட்டம். இந்நோயைப் புதிதாக எதிர்கொள்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, வலி வந்து போகும் அந்தப் பத்து நாட்கள் நோயின் ஒரு சிறு பகுதி என்பதே. மீதி ஆண்டு முழுவதும் மூட்டுக்குள் படிகங்கள் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எனவே வேலை இரண்டு. மூண்ட வலியைத் தணிப்பது ஒன்று, மூட்டில் தேங்கியதைக் கரைத்து வெளியேற்றுவது மற்றொன்று. முதல் வேலையை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதைத் தொடங்குபவர்கள் குறைவு. தொடங்கியதை விடாமல் தொடர்பவர்கள் அதனினும் குறைவு.

பெயரைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். தமிழில் கீல்வாதம் என்ற சொல் கவுட்டையும் குறிக்கிறது, முழங்கால் தேய்மானம் முதலான பிற மூட்டு நோய்களையும் குறிக்கிறது. இவற்றின் காரணங்களும் சிகிச்சைகளும் வேறு வேறானவை என்பதால், ஒருவருக்குப் பலித்த மாத்திரையை இன்னொருவர் பெயர் ஒற்றுமையை நம்பி வாங்கி விழுங்கும் குழப்பம் நேர்கிறது. அதைத் தவிர்க்க, இக்கட்டுரையில் கவுட் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

உடலுக்குள் நடப்பது என்ன

உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. பழைய உயிரணுக்கள் சிதையும்போதும் உண்ட உணவு செரிக்கும்போதும் வெளிப்படும் பியூரின், முடிவில் யூரிக் அமிலமாக மாறுகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் இந்த அமிலத்தை மேலும் உடைத்து, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனித இனத்தின் மூதாதையர் பரிணாமப் பாதையில் அந்த நொதியை இழந்துவிட்டதால், நமக்கு யூரிக் அமிலம் கழிவாகவே தங்குகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியே தள்ளுகின்றன.

உப்பை அளவு மீறிப் போட்ட தண்ணீரில் மிகுதி உப்பு அடியில் படிவதைப் போலவே இங்கும் நடக்கிறது. 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட், அதாவது இரத்தத்தில் யூரிக் அமிலம் இருக்கும் உப்பு வடிவம், கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால், மூட்டுகளிலும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களிலும் ஊசி போன்ற நுண்படிகங்கள் உருவாகத் தொடங்கலாம். வெப்பம் குறையக் குறையக் கரைதிறனும் குறையும் என்பதால், உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் கால் பெருவிரலின் அடிமூட்டு படிகங்களுக்கு ஏற்ற இடமாகிறது. முதல் தாக்குதல் பெரும்பாலும் அங்கேயே வருகிறது. படிகங்கள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கலாம். என்றோ ஒரு நாள் நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அயலாகக் கண்டு விழுங்கி, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களை வெளியிடும்போதுதான் அந்தக் கடும் வலி மூள்கிறது. ஊசி குத்துவதால் வரும் வலியன்று அது. ஊசியைக் கண்டு உடல் தொடுக்கும் போரின் வலி.

கவுட் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு அடிப்படைக் குறை, சிறுநீரகம் யூரேட்டைப் போதிய அளவு வெளியேற்றாமைதான். உடல் அளவுக்கு மீறி உற்பத்தி செய்வது சிறுபான்மையினரிடமே. இந்த வெளியேற்றும் திறனைப் பெரிதும் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஆகையால், வாயைக் கட்டத் தெரியாதவர்களின் நோய் என்று இதைச் சொல்லும் பழைய வழக்கம் நியாயமற்றது என்றே கருதுகிறேன். அந்த ஏளனத்துக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் யூரேட்டை வெளியேற்றத் துணைநிற்பதால் மாதவிடாய் நிற்கும் வரை கவுட் அரிதாகவே வரும். நுண்ணோக்கியும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத காலத்திலேயே ஹிப்போகிரட்டிஸ் மரபு நூல்கள் இதைக் குறித்து வைத்திருக்கின்றன.

முதல் படி: கவுட்தானா என்று உறுதிசெய்தல்

பெரும்பாலும் இரவில் அல்லது விடியலுக்கு முன் திடீரெனத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரே மூட்டைச் சிவக்க வைத்து, ஒன்றிரண்டு வாரங்களில் தானே முழுதும் அடங்கிவிடும் வலி கவுட்டின் முத்திரை. பெருவிரலுக்கு அடுத்தபடியாகப் புறங்கால், கணுக்கால், முழங்கால் ஆகியவையும், நாள்பட்டால் மணிக்கட்டும் விரல்களும் முழங்கையும் பாதிக்கப்படும். சிகிச்சையின்றிப் பல ஆண்டுகள் கடந்தால் காது மடல், முழங்கை, விரல் மூட்டுகளில் டோஃபஸ் எனப்படும் கெட்டியான முடிச்சுகள் தோன்றும். உடைந்தால் சுண்ணாம்புக் குழம்பைப் போன்ற வெண்பொருள் வெளிவரும்.

ஐயத்துக்கு இடமில்லாத சோதனை, வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் சிறிது நீரை எடுத்து, முனைவுற்ற ஒளியைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியில் படிகங்களைத் தேடுவதாகும். 1961 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறைக்கு இன்றும் நிகரில்லை. மூட்டு நீரை எடுக்க இயலாத இடங்களில் அல்ட்ராசவுண்டும், இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேனும் உதவுகின்றன. எதுவும் கிடைக்காதபோது, அறிகுறிகளையும் இரத்த அளவையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவுக்கு வருவார்.

இரத்தப் பரிசோதனையில் புதியவர்கள் இரண்டு வகையாக ஏமாறுகிறார்கள். தாக்குதல் நடக்கும் வேளையில் இரத்த யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்கிவிடுவதுண்டு; அன்று எடுத்த அளவு இயல்பாக இருப்பதைக் கண்டு, இது கவுட் இல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. வலி அடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து எடுக்கும் அளவே நம்பத் தகுந்தது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. யூரிக் அமிலம் உயர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கவுட் வருவதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த சோதனையில் 7.5 என்று கண்டு, மூட்டு வலியே அறியாத ஒருவர் ஆயுள் முழுவதற்கும் மாத்திரை தொடங்குவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு மூட்டு சூடாக வீங்கியிருக்கும்போது காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால், அது மூட்டுக்குள் புகுந்த கிருமித் தொற்றாக இருக்கலாம். கவுட் காய்ச்சலைத் தரும் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்து வரும் என்பதும் உண்மை. தொற்று சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடும் ஆகையால், பழைய கவுட் நோயாளியானாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: வலி மூண்ட நேரத்தில்

இங்கே மருந்தின் பெயரைவிட அதைத் தொடங்கும் நேரமே முக்கியம். முதல் உறுத்தல் தெரிந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் சிறிய அளவு மருந்தே போதுமானதாக இருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவருக்கு அதே மருந்து பாதி வேலைகூடச் செய்யாது. ஆகவே, முதல் தாக்குதல் அடங்கியபின் மருத்துவரைச் சந்திக்கும்போதே, அடுத்த முறை எந்த மாத்திரையை எந்த அளவில் எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கி, மருந்தையும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

வழக்கில் மூன்று வகை மருந்துகள் உள்ளன. நாப்ராக்சென், இண்டோமெதசின் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் முதல் வகை. சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது கோல்சிசின். வயிற்றுப்போக்கு தொடங்கும் வரை மணிக்கு ஒரு மாத்திரை என்று கொடுத்த பழைய முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5 மில்லிகிராம் என்ற குறைந்த அளவே, 12 மணி நேரத்துக்குள் தொடங்கினால், பெரிய அளவுக்கு ஈடான பலனைத் தருகிறது. வயிற்றுக் கோளாறும் வெகுவாகக் குறைகிறது. கோல்சிசினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் மிகச் சிறியது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளை உடன் எடுப்பவர்களுக்கும் சாதாரண அளவே ஆபத்தாகலாம். செங்காந்தள் கிழங்கிலும் இதே கோல்சிசின் உள்ளது. அளவறியாமல் அந்தக் கிழங்கை உண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள் என்பதால், மூட்டு வலிக்கென்று அதை வீட்டில் அரைத்து உண்ணும் எண்ணமே வேண்டாம். மூன்றாவது வகை ஸ்டீராய்டு. நாளுக்கு 30 முதல் 35 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஐந்து நாட்களுக்கு என்பது பரவலான முறை. சிறுநீரக நோயாளிகளுக்கு இதுவே பெரும்பாலும் ஏற்றது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் அந்த நாட்களில் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு மூட்டு மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு.

துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு வேளைக்கு 20 நிமிடம் வரை வைத்தால் வலி தணியும். காலை உயர்த்தி வைத்து மூட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தேய்ப்பதும் நீவுவதும் கூடாது.

மூன்றாம் படி: சேர்ந்ததைக் கரைத்தல்

வலி மாத்திரைகள் எதுவும் ஒரு படிகத்தைக்கூடக் கரைப்பதில்லை. இரத்தத்தில் யூரேட் அளவு கரைதிறன் எல்லைக்குக் கீழே தொடர்ந்து நின்றால்தான், மூட்டில் படிந்தவை கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கரைந்து வெளியேறும். இதற்காகவே டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் என்ற இலக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. சில நாடுகளின் ஆய்வகங்கள் அச்சிடும் அலகில் இது லிட்டருக்கு 360 மைக்ரோமோல். முடிச்சுகள் தோன்றிவிட்டவர்களுக்கு 5க்குக் கீழ் கொண்டுசெல்வது கரைவதை விரைவுபடுத்தும். ஆய்வகச் சீட்டில் இயல்பு நிலையின் மேல் எல்லை 7 அல்லது அதற்கு மேலும் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து, 6.8 இயல்புதானே என்று ஆறுதல் அடைபவர்கள் பலர். அந்த எல்லை மக்கள்தொகையின் சராசரியிலிருந்து வந்தது. கவுட் உள்ளவருக்குப் பொருந்தும் எண் 6 ஒன்றே.

ஆண்டுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தாக்குதல், டோஃபஸ், எக்ஸ்ரேயில் தெரியும் மூட்டுச் சேதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. முதல் தாக்குதலிலேயே தொடங்குவதும் பரிசீலிக்கத் தக்கதே. குறிப்பாகச் சிறுநீரகக் குறைபாடோ சிறுநீரகக் கல்லோ இருந்தாலும், யூரிக் அமிலம் 9ஐத் தாண்டியிருந்தாலும் அது நன்மை தரும்.

முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது அலோபியூரினால். யூரிக் அமிலத்தை உருவாக்கும் சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வகத்தில் உருவான இம்மருந்தை, மெர்காப்டோபியூரின் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து உடலில் விரைவாகச் சிதையாமல் காக்கவே அவர்கள் முதலில் ஆராய்ந்தார்கள். அந்தப் பழைய கதைக்கு இன்றும் பயன் இருக்கிறது. மெர்காப்டோபியூரினோ அதன் உறவு மருந்தான அசதியோபிரினோ எடுப்பவர் அலோபியூரினாலைச் சேர்த்தால், அவை உடலில் சிதையாமல் தேங்கி எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்.

அலோபியூரினாலை நாளுக்கு 100 மில்லிகிராமிலும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 50 மில்லிகிராமிலும் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து, 6க்குக் கீழ் வரும் வரை படிப்படியாக உயர்த்துவதே சரியான முறை. பலருக்கு 300 மில்லிகிராம் போதுவதில்லை. 800 வரை செல்ல அனுமதி உண்டு. நடைமுறையில் அடிக்கடி காணும் குறை, 100 அல்லது 300இல் தொடங்கி, பின்பு ஒருமுறைகூட இரத்தத்தைச் சோதிக்காமல் அதே அளவில் ஆண்டுகளைக் கடத்துவது. மருந்தை விழுங்குவது இலக்கன்று. எண்ணைத் தொடுவதே இலக்கு. அடுத்த சோதனை எப்போது என்று நோயாளியே கேட்டு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்க மாதங்களில் பலரை மருந்திலிருந்து விலக்கிவிடும் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். படிகங்கள் கரையத் தொடங்கும்போது அவற்றின் மேற்பரப்பு கலைந்து, நோய் எதிர்ப்பு அணுக்கள் மீண்டும் விழித்துக்கொள்வதால், மாத்திரை தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் தாக்குதல்கள் முன்னைவிட அடிக்கடி வரக்கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நோயை ஏற்றிவிட்டது என்று எண்ணிப் பலர் இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. இதைத் தடுக்கவே, உடன் குறைந்த அளவு கோல்சிசினை மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை தருவது வழக்கம். அப்படியும் தாக்குதல் வந்தால், அலோபியூரினாலை நிறுத்தாமல், வலிக்கான மருந்தை அதன்மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே நிறுத்தியே ஆக வேண்டிய முக்கியமான சூழல், தோலில் தடிப்பு தோன்றுவது. முதல் சில மாதங்களுக்குள் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதானாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமையின் தொடக்கமாக அது இருக்கலாம். எச்.எல்.ஏ.-பி*5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு அதிகம். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து மக்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோருக்கு மருந்தைத் தொடங்குமுன் அந்தச் சோதனை அறிவுறுத்தப்படுகிறது.

அலோபியூரினால் ஒத்துவராதவர்களுக்கு ஃபெபக்ஸோஸ்டாட் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் அதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். யூரேட்டைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றும் புரோபெனெசிட், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

உணவைப் பற்றிய அளவான பேச்சு

புதிதாக நோய் கண்டறியப்பட்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன்பே, உறவினரும் நண்பரும் சேர்ந்து அவருக்கொரு விலக்குப் பட்டியலைத் தந்துவிடுவார்கள். உணவு மாற்றம் மட்டும் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்கே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 9.5 இருப்பவர் எத்தனை கடும் பத்தியம் இருந்தாலும் அதனால் மட்டும் 6க்கு வந்துவிட மாட்டார். ஆனாலும் தாக்குதலைத் தூண்டுபவை எவை என்று தெரிந்திருப்பது பயன் தரும்.

ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், சிவப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி முதலிய மீன்கள், சிப்பி, இறால் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். மதுவில் பியரே அதிகக் கேடு செய்வது. அதிலேயே பியூரினும் இருக்கிறது, அதன் ஆல்கஹால் யூரேட் வெளியேறுவதையும் தடுக்கிறது. மற்ற மதுக்களும் விலக்கானவையே. பலர் கவனிக்காமல் விடுவது சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களை. ஃபிரக்டோஸ் ஈரலில் சிதையும்போது நேரடியாக யூரிக் அமிலம் உற்பத்தியாகிறது. பழச்சாற்றை லிட்டர் கணக்கில் பருகுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

பருப்பு, பயறு, காளான், பசலை ஆகியவற்றில் பியூரின் இருந்தாலும், அவற்றை உண்பவர்களுக்குக் கவுட் கூடுவதாகப் பெரிய தொடராய்வுகளில் தெரியவில்லை. அவற்றை விலக்கிவிட்டுப் புரதத்துக்காக இறைச்சியை நாடுவது தலைகீழான முடிவு. கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் யூரேட்டைச் சற்றுக் குறைக்கின்றன. காப்பி பருகுபவர்களிடம் கவுட் குறைவாகக் காணப்படுகிறது. உடல் எடையைக் குறைப்பது நல்ல பலன் தரும், ஆனால் அது மெதுவாக நடக்க வேண்டும். பட்டினி கிடந்து சில நாட்களில் எடையைக் குறைக்க முயன்றால் யூரிக் அமிலம் ஏறி, அதுவே தாக்குதலை அழைத்து வரும். உடலில் நீர் வற்றும் நிலையும் அப்படிப்பட்டதே.

நான்காம் படி: மற்ற மருந்துகளையும் நோய்களையும் கணக்கில் எடுத்தல்

கவுட் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரகக் குறைபாடு, இதய நோய் ஆகியவை அடிக்கடி உடன் இருக்கும். அவற்றுக்குத் தரும் மாத்திரைகளில் சில யூரேட்டை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்கான தயசைடு வகை மருந்துகளும், ஃபுரோசிமைடு போன்ற நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும் இதில் முதன்மையானவை. அழுத்தத்துக்கே தரப்படும் லோசார்டான் யூரேட்டைச் சற்றுக் குறைப்பதால், மாற்ற இடமிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரேட்டை ஏற்றும். எனினும் இதயத்தைக் காக்க அதை எடுப்பவர் கவுட்டின் பெயரால் தானாக நிறுத்தக் கூடாது.

இலக்கை அடைந்தபின் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை யூரிக் அமிலத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துக்கொண்டால் போதும். டோஃபஸ் முற்றிலும் கரைய மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும். தாக்குதல் நின்று இரண்டு ஆண்டு ஆயிற்று என்று மாத்திரையை விட்டுவிட்டால், யூரேட் சில வாரங்களுக்குள் பழைய அளவுக்கே ஏறிவிடும். வலி மட்டும் பல மாதங்கள் கழித்து, காரணம் மறந்துபோன ஒரு நாளில் வரும்.

அறுவை சிகிச்சைக்கோ வேறு நோய்க்கோ மருத்துவமனையில் சேர நேர்ந்தால், கவுட் இருப்பதையும் அலோபியூரினால் எடுப்பதையும் சேரும் அன்றே சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சை, உடலில் நீர் குறைவது, உண்ணாமல் இருப்பது ஆகிய மூன்றும் தாக்குதலைத் தூண்டுபவை. இந்தச் சூழலில் வழக்கமான மாத்திரையும் எழுதப்படாமல் விடுபட்டுப்போனால், வேறொன்றுக்காகப் படுக்கையில் இருப்பவர் மூன்றாம் நாள் வீங்கிய பெருவிரலோடு விழிப்பார்.